சும்மா இருக்க ஒரு தீவு

கரீபியன் கடலில், பெலிஸ் நாட்டுக்குச் சொந்தமான கே கால்கர் என்றொரு சிறு தீவு இருக்கிறது. முதுகுப்பையோடு ஊர் சுற்றுகிறவர்கள் சில நாள் தங்கிப்போகும் இடம். ‘மெதுவாகப் போ’ என்பதுதான் அந்தத் தீவின் தாரக மந்திரம். கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். நம் மொழியில் இதற்குச் சும்மா இருத்தல் என்று பெயர்.

தமிழில் இந்தச் சொல் ஆளுக்கு ஆள் பொருள் மாறும். அருணகிரிநாதருக்கும் தாயுமானவருக்கும் சும்மா இருப்பது ஞானத்தின் உச்சம். பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது அதுவே இளக்காரம். “உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?” “வீட்லதான் சும்மா இருக்கா.” அந்தச் ‘சும்மா’வை 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அளந்து பார்த்தது. ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். அவ்வேலையில் கைவைக்கும் ஆண் 97 நிமிடம்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் நமக்கும் தீவுகள் உண்டு. பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டில் கால்வாய்கள் பிரித்துப்போட்ட சிறு திட்டுகள். விடுமுறை நாளில் அங்கே வரும் குடும்பங்களைப் பாருங்கள். கணவன் தண்ணீரில் கையை அளைந்தபடி வருவான். மனைவியின் மடியில் குழந்தை, காலடியில் புளிசாதக் கூடை. விடியுமுன் எழுந்து அதைக் கட்டியவள் அவள். திரும்பிப்போய்ப் பாத்திரம் கழுவப் போகிறவளும் அவளே. அவளுக்குச் சுற்றுலா என்பது அடுப்படியைக் கூடவே தூக்கிக்கொண்டு போவது.

அதே நீரில் இருளர் பெண்கள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். படகில் இருப்பவளுக்கு அது காட்சி. நீரில் நிற்பவளுக்கு வயிற்றுப்பாடு. ஆன்டிகுவா தீவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்டு 1988இல் ‘எ ஸ்மால் பிளேஸ்’ நூலில் இதைத்தான் விவாதிக்கிறார்: பயணி அழகென்று ரசிப்பது அங்கே பிறந்தவர்களின் அலுத்துப்போன அன்றாடம், அதைவிட்டுச் சில நாள் விலகியிருக்க அவர்களிடம் பணமில்லை. கரீபியன் கதை நமக்கு அந்நியமும் அல்ல. 1850களிலிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழ்ப் பெண்கள் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். ஓய்வெடுக்க வாருங்கள் என்று அவர்களை யாரும் அழைக்கவில்லை.

இன்னொருத்தி உழைக்கும்போது நான் ஓய்வெடுப்பது அறமா என்று மாணவிகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் ‘அப்படியானால் எனக்கும் வேண்டாம்’ என்பது அதற்கு விடையாகாது. விட்டுக்கொடுப்பதைத்தான் காலங்காலமாக நமக்குப் பண்பென்று கற்பித்திருக்கிறார்கள். நம்முடைய குற்றவுணர்வு, இறால் பிடிப்பவளை ஒரு நாழிகைகூடக் கரையேற்றாது.

‘பாவம், அவ்வளவு வேலை செய்தாளே, கொஞ்சம் உட்காரட்டும்’ என்பதில் கருணை இருக்கிறது, நீதி இல்லை. உழைத்துக் களைத்ததற்குக் கிடைக்கும் கூலியாக ஓய்வு இருக்கும்வரை, களைப்பை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1948இன் மனித உரிமைப் பிரகடனம் 24ஆவது பிரிவில் ஓய்வை உரிமை என்கிறது. உரிமைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உரிமை என்றால் அது அடுத்தவளுக்கும் உண்டு. நாம் ஊருக்குப் போகும் நாட்களில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளம் பிடிக்கிறோமா? திரும்பி வந்ததும் புளிசாதப் பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள்? நம் ஓய்வின் நியாயத்தை இந்த இரண்டு கேள்விகளில் சோதித்துப் பார்க்கலாம்.