ஐஸ்ல போட்ட மீன் உடனே செத்துடுமா?



விரத நாள்ல மீனை விடுறது வேற விஷயம். இந்தப் பதிவு சாப்பிடுற நாட்களைப் பத்தி. எப்படியும் கொல்லத்தானே போறோம், அதுல வலி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன என்று சிலர் கேட்பார்கள். கொல்வது ஒரு செயல், துடிக்க விடுவது இன்னொரு செயல். முதலாவதை ஏத்துக்கிட்டோம் என்பதற்காக இரண்டாவதுக்கும் அனுமதி கிடைத்துவிடாது.

மீனுக்கு வலி தெரியுமா? 2003-ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீன்களின் உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் உதட்டைத் தொட்டியின் கூழாங்கல்லில் தேய்த்தன, வெகுநேரம் இரை எடுக்கவில்லை. இதை வலின்னு சொல்லலாமா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சந்தேகத்தின் பலன் மீனுக்கே போகட்டும் என்பது என் கட்சி.

இப்போ ஐஸுக்கு வருவோம். பண்ணை மீனை உயிரோடு அள்ளி ஐஸ்ல கொட்டுவது பல நாடுகளில் வழக்கம். சீக்கிரமே அசையாம ஆகிடும், பார்க்கிறவங்களுக்கு நிம்மதி. ஆனா 1991-ல் வெளியான ஒரு ஆய்வில், டிரவுட் மீன்களைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்து மூளையை அளந்தார்கள். 20 டிகிரியில், வெளிச்சத்துக்கு மூளை பதில் தருவது சுமார் இரண்டரை நிமிடத்தில் நின்றது. 2 டிகிரியில்? ஒன்பது நிமிடத்துக்கும் மேல்! குளிரில் உடம்பு மெதுவாக இயங்குவதால் ஆக்ஸிஜன் தீருவதும் மெதுவாகிறது. நம்ம ஐடி பாஷையில், ஸ்கிரீன் ஹேங் ஆகியிருக்கும், பின்னாடி ப்ராசஸ் ஓடிக்கிட்டே இருக்கும்.

சால்மன் பண்ணைகள் நிறைந்த நார்வேயில் மயக்காமல் கொல்லக் கூடாது என்பது சட்டம். கார்பன் டை ஆக்ஸைடு கலந்த தண்ணீரில் மயக்குவதையும் தடை செய்துவிட்டார்கள், ஏன்னா மயங்கும் முன்னாடி மீன்கள் முட்டி மோதும். இப்போ தலையில் இயந்திர அடி, இல்லாட்டி மின்சாரம். பிறகுதான் செவுளை அறுப்பார்கள். மின்சாரம் குறைந்தால் உடம்பு மட்டும் விறைத்து, நினைவு அப்படியே இருக்கலாம். அதனால செவுள் மூடி அசையுதா, புரட்டினா கண் உருளுதா என்று நின்று பார்க்க ஆள் வேணும். என்னைக் கேட்டால், மெஷினை விட அந்த ஆள்தான் முக்கியம்.

நம் நாட்டு 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதனைத் தவிர்த்த எல்லா உயிரும் விலங்குதான், மீனும் சேர்த்தி. உணவுக்காகக் கொல்லலாம், தேவையில்லாத வேதனை கூடாது என்கிறது அது. ஆனா மயக்கிக் கொல்ல மெஷின் வேணும், ஆள் வேணும், செலவாகும். அதுக்காக கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட என்றால் நான் தருவேன். நீங்க?