சோளகமும் மடமும்

பண்ணைப் பாலத்தை வெயிலுக்கு முன் கடக்கவேண்டும். வெயிலைவிட, காற்றுக்கு முன். வைகாசி பிறந்தால் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கிவிடும். வேலணைப் பக்கம் முகம் வைத்து மிதிப்பவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. நமக்கு ஏற்றம் என்றால் அது காற்றுத்தான். மிதிக்க மிதிக்க, அவசரம் தானே கழன்றுபோகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல், அதில் கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலை, கம்புக்கு ஒரு நீர்க்காகம்.

*

தட்டையான நிலமும் எதிர்க்காற்றும் ஒல்லாந்தருக்குப் புதிதில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள், வேலணைக்கு லைடன் என்றும் காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம் என்றும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் தங்கள் ஊர்ப்பெயர்களைச் சூட்டினார்கள். டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் படகுத்துறையில் வழங்குகிறது.

அவர்கள் நாட்டின் பெரிய வாகனச் சங்கமான ஏ.என்.டபிள்யூ.பி. 1883இல் சைக்கிள்காரரின் சங்கமாகத்தான் தொடங்கியது. இப்போது அங்கே கோடை வந்தால் குடும்பங்கள் காரின் பின்னால் சக்கரவீட்டைக் கொழுவி, அதில் சைக்கிள்களையும் கட்டிக்கொண்டு வெளிக்கிடுகின்றன. தங்குவதற்குக் கழகங்களின் முகாம் திடல்கள் உண்டு. சில கழகங்களில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. தங்க வந்த உறுப்பினரே முறைவைத்து, வருகிறவரை வரவேற்று இடம் காட்டுகிறார்கள், கழிப்பறை கழுவுகிறார்கள். சக்கரவீட்டில் எனக்குப் பெரிய மோகம் இல்லை. அந்த முறைவைப்பு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

*

நமக்கும் சக்கரவீடு இருந்தது. கூடார வண்டில். பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனிடம் போகிறவர்கள் பானை, அரிசி, விறகு, பாய், பிள்ளைகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோயில் வெளியில் கல் வைத்து அடுப்பு மூட்டிப் பொங்கி, கத்தரிக்காய்க் கறி வைத்து, மரநிழலில் உண்டு உறங்கித் திரும்பினார்கள். பக்கத்து அடுப்புக்காரர் முன்பின் தெரியாதவர். கறி கைமாறியபின் உறவினர். இன்று லான்மாஸ்டரிலும் வானிலும் வருகிறார்கள். பொங்கல் மாறவில்லை, ஆனால் இரவு தங்குவது அருகிவிட்டது.

*

சைக்கிள் நமக்கு விடுமுறைப் பொருளாக இருந்ததில்லை. 1990க்குப் பின் எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில் விறகு, நெல்மூட்டை, நோயாளி, மணப்பெண் எல்லாம் சைக்கிளில்தான். இரவில் பின்சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிக்கு உயிர்கொடுத்துச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் போரில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, சைக்கிளை மிதிக்க இடமில்லை. மூட்டையையும் முதியவரையும் ஏற்றி உருட்டிக்கொண்டுதான் போனோம்.

அந்தத் தலைமுறையிடம் போய்ச் சைக்கிளில் ஊர்சுற்றுவது சுகம் என்றால், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஓடுவதற்கு மட்டுமே பழகிய கால்களுக்குச் சும்மா போவதையும் பழக்கவேண்டியிருக்கிறது.

*

பருத்தித்துறையில் வழிப்போக்கர் இளைப்பாறும் தெருமூடிமடம் இருக்கிறது. தெருவுக்கு மேலேயே கூரை. இருபுறமும் கல்தூணும் திண்ணையும். நடுவால் வீதி போகிறது. கட்டியவர் மடத்தை வழியோரத்தில் ஒதுக்கவில்லை, வழியின்மேலேயே வைத்தார். நீ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நிழலுக்குள்ளால்தான் போகவேண்டும். சைக்கிளைத் தூணில் சாத்திவிட்டுத் திண்ணையில் முதுகைச் சரித்தால், கல்லின் குளிர்மை சட்டைக்குள் இறங்குகிறது.

பழைய தெருக்களில் மடம் தனியாக நிற்பதில்லை. அருகில் கிணறு அல்லது கேணி, மாடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி, அவை உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல், தலைச்சுமையை இன்னொருவர் உதவியில்லாமல் இறக்கிவைக்கச் சுமைதாங்கி. சுமைதாங்கிகளில் பல, பிள்ளை வயிற்றிலிருக்க இறந்த பெண்களின் நினைவாக நாட்டப்பட்டவை. மடமும் கிணறும் கல்லும் சேர்ந்த இந்த ஏற்பாட்டைவிட நுணுக்கமாக வழிப்போக்கனை நினைத்த திட்டம் எதையும் நான் கண்டதில்லை. சுற்றுலாத் துறையின் வண்ணப் புத்தகங்களில் இவற்றுக்கு ஒரு மூலைகூடக் கிடைப்பது அரிது.

*

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் ‘பாதை’ ஓடுகிறது. இரும்பு மிதவை. சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன்பெட்டி எல்லாம் ஒன்றாக ஏறும். ஏறியபின் செய்வதற்கு ஒன்றுமில்லை, நிற்பதைத் தவிர. கடல் சின்னது, அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது. வலது பக்கம் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் புதுக்கிய கடற்கோட்டை.

அங்கிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான். பிறகு படகு. நயினாதீவில் நாகபூசணி அம்மன் வாசலில் இறங்கினால் அமுதசுரபி மடத்தில் சோறு. யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. சாப்பிட்டு எழுந்தபின் வாளியைத் தூக்கிப் பந்திக்குச் சாம்பார் விட யாரும் நம்மைக் கூப்பிடுவதுமில்லை, தடுப்பதுமில்லை. தூக்கினால் அங்கே விருந்தாளி என்ற நிலை போய்விடுகிறது.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள், ஒரு மாதத்துக்கும் மேலாகக் கிழக்குக் கரையோரமாக இப்படித்தான் போய்ச்சேர்கிறார்கள்: ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் படுக்கை, ஒவ்வொரு ஊரின் கையாலும் உணவு.

*

இருக்கிற மடங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் ஓடு இல்லை. சிலவற்றில் சீமெந்துப் பையும் பழைய தேர்ச் சட்டமும் அடுக்கியிருக்கிறது. வீதியோரமாகப் புதிய விடுதிகள் எழும்புகின்றன. சைக்கிளில் வரும் ஒரு மாணவனால் அங்கே ஓர் இரவு தங்க முடியாது.

கோயில் பரிபாலன சபைகளிடமும், கனடாவிலும் சுவிசிலும் இருந்து கோபுரத்துக்கும் தேருக்கும் பணம் அனுப்பும் ஊரவரிடமும் ஒன்று கேட்கலாம். அடுத்த திருப்பணியை மடத்தில் தொடங்குங்கள். ஓடு போடுங்கள், கிணற்றுக்கு வாளியும் கயிறும் வையுங்கள், ஒரு கழிப்பறை கட்டுங்கள், காற்றடிக்கும் பம் ஒன்றை மூலையில் வையுங்கள். கூட்டுவதற்கு ஊரிலுள்ளவர்களுக்கு முறை போடுங்கள். தங்குகிறவரும் அந்த முறைக்குள் வரட்டும். திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை வாசலில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.