கிழங்கு மாவில் பை: கூடுமா?

நாமக்கல், இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்தார்க்கு மரவள்ளிக் கிழங்கைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிழங்கின் மாவைக் கொண்டு மக்கிப்போகும் பைகள் செய்யலாம் என்ற பேச்சு, 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து வலுத்திருக்கிறது. அல்லாஹுத் தஆலா மனிதன் உண்பதற்குத் தந்த ரிஜ்கை எடுத்து, குப்பைக்குப் போகும் பையாக்குவது கூடுமா?

மரவள்ளி இலேசான பொருளன்று. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தாங்கிய கிழங்கு அது. அதே போரினால் மலாயா ஜவ்வரிசி வரத்து நின்றுபோகவே, 1943-ல் சேலத்தில் இக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் பிறந்தது. கிழங்கை அரைத்து, பாலை வடித்து, தொட்டியில் தெளியவிட்டால் அடியில் தங்குவது மாவு. திப்பியைக்கூட எறிவதில்லை, மாட்டுத் தீவனமாகிறது.

எலும்பினாலும் சாணத்தினாலும் இஸ்தின்ஜா செய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எலும்பு ஜின்களின் உணவு, சாணம் அவர்களுடைய பிராணிகளின் உணவு என்பது காரணம். ஜின்களின் உணவுக்கே இந்தக் கண்ணியமென்றால் மனிதரின் உணவுக்கு எவ்வளவு என்று ஃபுகஹாக்கள் சட்டம் எடுத்தார்கள். இதை மட்டும் பார்த்தால் பையும் கூடாது என்றே சொல்லத் தோன்றும். ஆனால் நம் நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவுக்குக் கஞ்சி போட்டு வருகிறார்கள். அதுவும் உணவுதானே? எந்த ஆலிமும் அதைத் தடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. நூலுக்கு வலுவூட்டுவது உணவை இழிவுபடுத்துவதாகாது. ஆகவே உணவுப் பொருள் வேறு உபயோகத்துக்குப் போவது குற்றமன்று. கண்ணியக் குறைவாகவோ வீண் விரயமாகவோ போவதுதான் குற்றம். பாலித்தீனைத் தின்று மாடு சாவதும் சாக்கடை அடைபடுவதும் இதனால் குறையுமானால், பாதையின் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம் கூடும் என்றே சொல்வோம்.

குறையுமா என்பதல்லவா கேள்வி! மாவை நீரும் கிளிசரினும் சேர்த்துச் சூடாக்கினால் மெல்லிய படலம் கிடைக்கும். ஈரம் பட்டால் அது இளகிவிடும். அதனால் மக்கக்கூடிய வேறு பாலிமர்களையும் கலக்கிறார்கள். அதில் தவறில்லை. சாதாரணப் பாலித்தீனில் கொஞ்சம் மாவைக் கலந்து "மக்கும் பை" என்று விற்பதுதான் அநியாயம். மாவு அழிந்தபின் பாலித்தீன் துகள் துகளாக மண்ணில் தங்கிவிடும். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வியாபாரியை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தது இவருக்கும் பொருந்தும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்றே இப்பைகளை விற்க வேண்டுமென்பது 2016-ம் ஆண்டின் விதி. கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

சான்று பெற்ற பையும் எங்கும் மக்கிவிடாது. சுமார் 58 டிகிரி வெப்பத்தில், 180 நாட்களுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பதே சோதனை. அந்த வெப்பம் பெரிய உரக்கூடங்களில் உண்டு, வாய்க்காலோரத்தில் இல்லை. வலீமா முடிந்ததும் நூற்றுக்கணக்கில் வாரியிறைத்துவிட்டு, "மக்கும் பைதானே, மண்ணுக்குத்தானே போகிறது" என்பவர்கள், ஸஅத் (ரலி) அவர்கள் ஒளுச் செய்தபோது நடந்ததாக இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பை நினைக்க வேண்டும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்று அங்கே சொல்லப்படுகிறது. ஆற்றில் அள்ளிய நீர் ஆற்றுக்கே திரும்புகிறது; அப்படியிருந்தும் அது இஸ்ராஃப்தான்.

ரமலானில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளி கொண்டு வந்த காலம் போய், கொதிக்கும் கஞ்சியைப் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் பள்ளிவாசல்கள் பெருகிவிட்டன. ஷஅபான் கடைசி ஜுமுஆவிலேயே முத்தவல்லிமார்கள் அறிவித்துவிட்டால் வீட்டுக்கொரு தூக்குவாளி வந்து சேரும். கையில் பாத்திரமில்லாத வழிப்போக்கருக்காகப் பள்ளியில் பத்துக் கோப்பைகள் இருந்தால் போதும்.