திறந்துவிட்டால் தீருமா?

"மாப்பிள்ளை, அமாவாசையும் அதுவுமா இதுங்களைத் திறந்து விட்டுடுங்களேன், புண்ணியமாப் போகும்" என்று என் மாமியார் பலமுறை சொல்லிவிட்டார். பறவையை அடைத்து வைப்பது பாவம் என்கிறார். அதை நான் மறுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டால் அந்தப் பாவம் தீரும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மொட்டை மாடியில் என் காலனிக் கூண்டில் ஜீப்ரா பின்ச்சுகளும் பெங்காலி பின்ச்சுகளும் சேர்ந்து வாழ்கின்றன. ஜீப்ராவின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலம். பெங்காலிக்குப் பூர்வீகக் காடென்றே ஒன்று இல்லை. ஆசியச் சில்லைக் குருவி வகை ஒன்றிலிருந்து சீனத்திலும் ஜப்பானிலும் மனிதர்கள் கூண்டிலேயே பெருக்கி எடுத்த இனம் அது. அதை எங்கே திருப்பி அனுப்புவது? தினையைத் தட்டில் மட்டுமே கண்ட குருவி, காக்கைக்கும் பூனைக்கும் எத்தனை நாள் தப்பும்? புண்ணியம் நமக்கு, சாவு அதற்கு.

கம்போடியாவில் சில்லைகளைக் கூண்டில் அடைத்து விற்கிறார்கள். காசு கொடுத்துப் பறக்கவிட்டால் புண்ணியமாம். பறக்கவிட ஆள் இருப்பதால்தான் அங்கே வலை விரிக்கிறார்கள். நம் நாட்டில் காட்டுச் சில்லையைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் யாராவது நீட்டினால் இரக்கப்பட்டுக்கூட வாங்காதீர்கள்.

ஜீவகாருண்யத்தில் பசியாற்றுவதை முதலில் வைத்தவர் வள்ளலார். 1867ல் வடலூரில் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. கருணை என்பது அன்றாடம் செய்யும் வேலை என்று அந்த அடுப்பைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. தண்ணீர் மாற்றுவது, உமியை ஊதிவிட்டுத் தினை நிரப்புவது, கடல்நுரை ஓடு தீர்ந்தால் புதிது செருகுவது. கூடு கட்டும் பானைகளை ஜோடிகளைவிடக் கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மேல்பானைக்குச் சண்டை மூளும். கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும், இவை குறுக்கே பறப்பவை.

கூட்டத்தில் வாழப் பிறந்த உயிரைத் தனியே அடைப்பது இன்னும் கொடியது. விடியற்காலையில் ஜீப்ராவின் இளம் ஆண்குஞ்சைப் பார்க்க வேண்டும். தகப்பன் கழுத்தை நிமிர்த்திப் பாடும்போது ஒட்டி உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்கும். பிறகு ஒரு மூலைக்குப் போய், அதே பாட்டைத் துண்டு துண்டாக முணுமுணுத்துப் பார்க்கும். பிறந்த மூன்று மாதத்துக்குள் பாட்டு படிந்துவிடும். அதற்குள் பாடிக் காட்ட ஆளில்லாமல் வளர்ந்தால் ஒழுங்கான பாட்டு வாய்க்காது.

என் சங்கடமும் இதில்தான். அடைப்பது பாவமென்றால் கூண்டுக்குள் புதிதாக ஓர் உயிர் பிறக்க நான் இடம் கொடுக்கலாகாது. பானைகளைக் கழற்றினால் அந்தப் பாட்டைக் கற்கக் குஞ்சும் இருக்காது. நெடுநாள் யோசித்தேன். அந்தப் பாட்டைக் கேட்டு மகிழ்வது நான், அடைபட்டிருப்பது அவை. இப்போதிருக்கும் குஞ்சுகள் இறங்கியதும் பானைகளைக் கழற்றிவிடுவேன்.

பிறந்துவிட்டவற்றுக்கு நாம் கடன்பட்டவர்கள். வளர்ப்பவர்கள் எவரும் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். புதிதாகக் குஞ்சு எடுப்பதை நிறுத்துங்கள், இருப்பவற்றைக் கடைசிவரை துணையோடு வைத்துக் காப்பாற்றுங்கள்.