வீழ்த்துபவனும் வீழ்பவனும்

போளூரில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவருகையில் இளைஞர் ஒருவர் நம்மை அணுகி, "ஹஜரத், குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவற்றில் பெயர் பெற்றோரை வீரர் எனப் போற்றலாமா?" என வினவினார்.

முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால் குத்துச்சண்டையை இங்கு விட்டுவிடுவோம். மல்யுத்தம் அப்படியன்று. ருகானாவுடன் நாயகம் (ஸல்) அவர்களே மற்போர் செய்ததாக அறிவிப்பு உண்டு. அதன் தொடரில் இமாம் திர்மிதீ குறை கண்டதையும் மறைப்பதற்கில்லை.

பிறரை வீழ்த்துபவன் வலியவன் அல்லன், சினத்தின்போது தன்னை ஆள்பவனே வலியவன் என்னும் கருத்துடைய ஹதீஸ் எல்லோரும் அறிந்ததே. அதில் வரும் சொல் 'ஸுரஆ'. அடிக்கடி பிறரை வீழ்த்துபவன் என்பது பொருள். நடு எழுத்தின் உயிர்க்குறியை நீக்கி 'ஸுர்ஆ' என்றால், அடிக்கடி பிறரால் வீழ்த்தப்படுபவன் என்றாகிவிடும்! இருவருக்கும் இடையே ஒரே ஒரு குறி.

குலாம் முஹம்மது என்னும் காமாவின் வாழ்வு நினைவுக்கு வருகிறது. 1910ஆம் ஆண்டு லண்டன் சென்ற அவரை, உயரம் போதாதென்று போட்டியில் சேர்க்க மறுத்தனர். அவர் அறைகூவல் விடுத்தார். செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டு ஸிபிஷ்கோ அவரை எதிர்த்தார். எதிர்த்தார் என்பதைவிடத் தரையைக் கட்டிக்கொண்டு கிடந்தார் எனலாம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் காமாவால் அவரைப் புரட்ட இயலவில்லை. வீழ்ந்து கிடப்பதையே அரணாக்கிக்கொண்டவரை வீழ்த்துவது எப்படி? அந்நேரத்தில் ஒரு மல்லரின் நெஞ்சில் எழக்கூடிய சினத்தை எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் 17ஆம் நாள் மறுபோட்டிக்கு ஸிபிஷ்கோ வரவில்லை. வெற்றி காமாவுக்கென அறிவிக்கப்பட்டது. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்தது.

"அந்த ஒரு நிமிடம்தானே வீரம்?" என்றார் இளைஞர்.

நாம் 1947ஆம் ஆண்டைச் சொன்னோம். லாகூர் பற்றியெரிந்த நாட்களில் காமா அங்கு வாழ்ந்தார். தம் தெருவின் ஹிந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்தை அவர் குறுக்கே நின்று தடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். வந்தவர்கள் அந்நியர் அல்லர், அவருடைய சமூகத்தவரே. அவர்களின் சினம் அவரையும் பற்றியிருக்கலாம். அதற்குக் காரணம் சொல்லவும் அன்று ஆயிரம் பேர் இருந்தனர். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய எழுபது.

இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பட்டியாலாவில் வென்ற அதே தோள்கள்தாமே, ஹஜரத்?" என்றார். ஆம் என்றோம்.