அமானிதமும் அலங்காரமும்

மரம் நடுவது தர்மம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. பறவையும் மனிதனும் கால்நடையும் அதிலிருந்து உண்பது நட்டவருக்கு நன்மையாகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். ஆனால் நமக்கு உண்ணக் கனியும் ஒதுங்க நிழலும் தராமல், அழகுக்கென்றே வளர்க்கப்படும் மரத்தின் நிலை என்ன? அதைக் காக்கப் பொருளும் உழைப்பும் செலவிடுவது வீண்விரயமாகுமா?

அடிமரம் குப்பியைப் போலப் பருத்து நிற்கும் 'பாட்டில் பாம்' மரத்தைப் பங்களாக்களின் முகப்பில் பலரும் பார்த்திருப்பீர்கள். இதன் தாயகம் மொரீஷியஸுக்கு வடக்கே உள்ள ரவுண்ட் தீவு. 19-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் அங்கே கொண்டுபோய் விட்ட ஆடுகளும் முயல்களும் முளைத்த கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. பக்கக்கன்று விடாத இப்பனைக்கு விதை ஒன்றே வழி. கிழமரங்கள் சாய்ந்தன, அவற்றின் இடத்துக்கு இளமரங்கள் வரவில்லை. முடிவில் விரல்விட்டு எண்ணத்தக்க மரங்களே எஞ்சின. 1979-இல் ஆடுகளும் 1986-இல் முயல்களும் அகற்றப்பட்ட பின்னரே கன்றுகள் மீண்டும் தலைதூக்கின.

"உலகெங்கும் தோட்டங்களில் எத்தனையோ நிற்கின்றனவே, தீவில் அழிந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் இதன் அருகே ரொட்ரிகஸ் தீவின் 'ஸ்பிண்டில் பாம்' நின்றால் இரண்டும் கலந்து கலப்பினம் உண்டாகிறது. அவ்விதையை நம்பித் தீவுக்குத் திருப்பியனுப்ப இயலாது. அநாதையின் பொருளைத் தன் பொருளோடு கலந்துவிட்ட காப்பாளர், "எல்லாம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது" என்றால் அதை நாம் ஏற்போமா? உரிய இடத்தில் உரியபடி ஒப்படைக்கத்தக்கதாக வைத்திருப்பதே அமானிதம். வைத்திருப்பது வேறு, காப்பது வேறு.

ஆகவே, முதற்கேள்விக்கு விடை இதுதான்: மனிதன் செய்த சேதத்தை மனிதனே சீர்செய்வது விரயமன்று, அது கடனை அடைப்பதாகும். கடன் தீர்ப்பவன், கொடுக்கும் பொருளால் தனக்கு என்ன பயன் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

அழகுப்பனை வளர்க்கும் சகோதரர்கள் அபூர்வமான கன்றை வாங்குமுன் அது விதையிலிருந்து வளர்க்கப்பட்டதா, காட்டிலிருந்து தோண்டி வரப்பட்டதா என்று விசாரிப்பார்களாக. விதையைப் பிறருக்குக் கொடுக்கும்போது அருகில் நின்ற மரம் எதுவென்று மறைக்காமல் சொல்வார்களாக. வாசலுக்கு அழகு சேர்ப்பது ஆகுமானதே. அமானிதத்தைப் பேணுவதோ கடமை.