தக்காளிக்குள் சாஸ் இருந்ததா?

தோட்டத்துத் தக்காளியைக் காய்ச்சி எடுக்கும் பீட்சா சாஸ், காய்ச்சுமுன்பே பழத்துக்குள் இருந்ததா என்பது இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு ஒன்றைச் சேர்ந்த கேள்வி. காரியம் காரணத்துக்குள் முன்பே மறைந்திருக்கிறது என்பது சாங்கியரின் சற்காரியவாதம். சைவ சித்தாந்தமும் இதை ஏற்கிறது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை இதற்கு ஐந்து காரணங்களைத் தருகிறது. வேண்டிய பொருளுக்கு உரிய மூலப்பொருளையே எவரும் தேடுகிறார்கள் என்பது அவற்றுள் ஒன்று. கத்தரிக்காயிலிருந்து தக்காளி சாஸ் வராது. நியாய வைசேடிகர் சற்காரியவாதத்தை மறுக்கின்றனர்: முன்பே இருந்ததென்றால் அடுப்பு எதற்கு? மறைந்திருந்ததை வெளிப்படுத்தவே என்பது சாங்கியரின் விடை.

சமையல் இந்த விடைக்கே பெரிதும் துணைநிற்கிறது. பழத்தில் ஏறத்தாழ 94 சதவீதம் நீர். தோலுரித்து மசித்து, மூடாமல் சிறுதீயில் வைப்பது அந்த நீரை ஆவியாக்கத்தான். புளிப்பும் இனிப்பும் உமாமிச் சுவை தரும் குளுட்டமேட்டும் செடியிலேயே பழத்தில் சேர்ந்தவை. விதையைச் சூழ்ந்த கூழில் குளுட்டமேட் மிகுதி. அதை வழித்தெறிவது சுவைக்கு இழப்பே. ஆனால் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் பழத்துக்குள் இருந்தவை அல்ல; அந்த அளவுக்கு நியாயத்தாரின் மறுப்பு செல்லும். நேப்பிள்ஸ் மரபிலோ தக்காளியைக் காய்ச்சாமல், நசுக்கி உப்பிட்டே பீட்சா மாவின்மேல் பரப்புகிறார்கள். அங்கே சாங்கியரின் கட்சி இன்னும் வலுக்கிறது.